பிரியஸுக்கு நாலு டயர்: பெட்ரோலைப் பார்ப்பதா, மழையைப் பார்ப்பதா?

பொங்கோல்வாசி · ஞாயிறு இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். 2019ல் பதிவான டொயோட்டா பிரியஸ் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்), நான்காம் தலைமுறை, 15 அங்குல ரிம். டயர் அளவு 195/65 ஆர்15. நேற்று புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து டயர்ப் பள்ளத்தின் ஆழத்தை அளந்தேன். முன்னால் 2 மில்லிமீட்டர், பின்னால் 3. சட்டம் 1.6 வரை விடுகிறது, ஆனால் மனசு விடவில்லை.

மூன்று கடையில் கேட்டேன், மூன்று பதில். ஊபியில் ஒருவர் "ஹைபிரிட்டா, ஈக்கோ டயர்தான் (பெட்ரோலை மிச்சப்படுத்துகிற வகை) போட வேண்டும்" என்றார். காக்கி புக்கிட்டில் இன்னொருவர் "ஈக்கோ டயரா, மழையில் வழுக்கும், தொடாதே" என்றார். மூன்றாமவர் என் காரைப் பார்க்கவே இல்லை. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு தாளை நீட்டினார்.

தினமும் பொங்கோலிலிருந்து துவாஸ் பக்கம் போய்வருகிறேன். ஆண்டுக்கு 18,000 கிமீ. திரையில் லிட்டருக்கு 24 கிமீ காட்டுகிறது, அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பம் இல்லை. சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமம்) முடிய இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது, புதுப்பிக்கும் எண்ணம் இல்லை. சொன்ன விலை ஒரு டயருக்கு 105 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 170 வரை. அந்த 65 வெள்ளி வித்தியாசத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை பெயருக்குக் கொடுக்கும் காசா?

---

மூன்றாம்_பாதை · ஞாயிறு இரவு 9:31

டயர் வட்டமாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா, போதும். மூன்று ஆண்டில் நொறுக்கப் போகிற காருக்கு இவ்வளவு யோசனையா? 105 வெள்ளி டயரைப் போட்டுவிட்டு மிச்சத்துக்கு தேக்காவில் குடும்பத்தோடு மீன் தலைக் கறி சாப்பிடுங்கள்.

---

இராப்பறவை · திங்கள் அதிகாலை 2:47

மூன்றாம்_பாதை அண்ணே, அந்த மீன் தலைக் கறியை நான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அதன் விலை 600 வெள்ளி.

நான் ஓட்டுவது வாடகைக்கு எடுத்த ஹோண்டா ஷட்டில் ஹைபிரிட், 185/60 ஆர்15. ஆண்டுக்கு 60,000 கிமீ தாண்டும். போன முறை டயர் மாற்றும்போது கை இறுக்கம், இருப்பதிலேயே மலிவானதை மாட்டினேன். பெயர் வேண்டாம். நாலு டயருக்குச் சேர்த்து 160 வெள்ளி மிச்சம் என்று சந்தோஷம். இரண்டு வாரத்தில் லிட்டருக்கு 21 கிமீ ஆக இருந்த கணக்கு 19.5க்கு வந்துவிட்டது. அதே சாலை, அதே கால், அதே ஏர்கான்.

ஓர் இரவு பயணி வராத நேரத்தில் உட்கார்ந்து போட்டேன். 60,000 கிமீக்கு 21 என்றால் 2,857 லிட்டர். 19.5 என்றால் 3,077. லிட்டர் 2.80 என்று வைத்தாலும் 220 லிட்டருக்கு 616 வெள்ளி. 160 மிச்சம் பிடித்து 616 கொடுத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

---

மூன்றாம்_பாதை · திங்கள் காலை 7:58

அது டயரால்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? மழைக்காலமாக இருந்திருக்கும். பேட்டரி வயசாகி இருக்கும். இராத்திரி இரண்டே முக்காலுக்குப் போட்ட கணக்கு வேறு.

---

கணக்குப்பிள்ளை · திங்கள் மதியம் 12:40

சாப்பாட்டு நேரம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வேலை பொறியியல், ஆனால் டயர் கம்பெனியில் இல்லை, பயப்பட வேண்டாம்.

டயர் உருளும்போது தரையில் பதிகிற இடம் தட்டையாகிறது, தாண்டியதும் எழும்புகிறது. அமுங்கும்போது வாங்கிய சக்தியை ரப்பர் முழுசாகத் திருப்பித் தராது, ஒரு பங்கைச் சூடாக்கி விட்டுவிடும். ஓடி வந்து நிறுத்தியதும் டயரைத் தொட்டால் சுடுகிறதே, உங்கள் பெட்ரோலில் ஒரு பகுதிதான் அது. இதற்கு உருள்தடை என்று பெயர்.

இது ஹைபிரிட்டுக்கு ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதுதான் கடைக்காரர்கள் சொல்லாத பகுதி. சாதாரணக் காரில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வேகம் பிரேக்கில் கரைகிறது, நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடுகிறது. ஹைபிரிட் இந்த இரண்டு ஓட்டையையும் பெருமளவு அடைத்துவிட்டது. வேகத்தைக் குறைத்தால் மோட்டார் அதை மின்சாரமாக்கிப் பேட்டரியில் போடும். ஆனால் டயரில் சூடாகப் போனதை எந்த மோட்டாராலும் திரும்ப வாங்க முடியாது. மற்ற செலவெல்லாம் குறைந்துவிட்ட வீட்டில் தண்ணீர்க் கட்டணம் பெரிதாகத் தெரிவதுபோல், ஹைபிரிட்டில் டயர் பெரிதாகத் தெரியும்.

இனி எண். ஐரோப்பாவில் டயருக்கு ஒட்டுச்சீட்டு உண்டு. 2012 முதல் இருக்கிறது, 2021 மே 1 முதல் புது வடிவம், ஏ முதல் ஈ வரை ஐந்து தரம். கார் டயரில், டன் எடைக்கு 6.5 கிலோ இழுவைக்குள் இருந்தால் ஏ. 7.7 வரை பி, 9.0 வரை சி, 10.5 வரை டி, அதற்கு மேல் ஈ. ஆக, ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 1.2 கிலோ. ஆளோடு சேர்த்து உங்கள் கார் ஒன்றரை டன் என்றால் 1.8 கிலோ இழுவை. அந்த இழுவையை 100 கிமீ இழுக்க சுமார் 1.8 மெகாஜூல் சக்தி. எஞ்சின் 35 விழுக்காடு திறனில் ஓடுகிறது என்று கொண்டால் பெட்ரோலில் 5 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. அதாவது எழுத்துக்கு 0.15 லிட்டர், ஒவ்வொரு 100 கிமீக்கும்.

பொங்கோல்வாசிக்கு ஆண்டுக்கு 27 லிட்டர், சுமார் 75 வெள்ளி. இராப்பறவைக்கு 90 லிட்டர், 250 வெள்ளி. இராப்பறவை சொன்ன 21க்கும் 19.5க்கும் நடுவே 100 கிமீக்கு 0.37 லிட்டர் இருக்கிறது. இரண்டு எழுத்துக்குக் கொஞ்சம் கூட. நல்ல டயரிலிருந்து மட்டமான டயருக்கு இறங்கினால் நடக்கக்கூடியதுதான். மூன்றாம்_பாதை, இராத்திரி இரண்டே முக்கால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

---

இராப்பறவை · திங்கள் மாலை 4:15

கணக்குப்பிள்ளைக்கு ஒரு தே தாரிக் என் செலவு.

---

மழைக்காரி · திங்கள் இரவு 8:22

எல்லோரும் பெட்ரோலையே பேசுகிறீர்கள். நிறுத்துவதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

இரண்டு ஆண்டுக்கு முன், டிசம்பர், தீவு விரைவுச்சாலை, பிற்பகல் மூன்று மணி. வைப்பர் முழு வேகத்தில் அடித்தும் முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற மழை. பின்னால் இரண்டு பிள்ளைகள். யூனோஸ் வெளிவழிக்குப் பக்கத்தில் எல்லோரும் திடீரென்று நின்றார்கள். நானும் மிதித்தேன். கால் அடியில் ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கிறது, கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. முன்கார் பம்பருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. மகள் "அம்மா, ஏன் கத்தினீங்க?" என்று கேட்டாள். கத்தினதே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து டயரைத் தேடிப் பார்த்தேன். பெட்ரோல் மிச்சத்துக்கு நல்ல தரம், ஈரத்தில் பிடிப்புக்கு டி. பள்ளமும் உங்கள் அளவுதான், 2 மில்லிமீட்டர். கணக்குப்பிள்ளை சொன்ன அதே சீட்டில் இரண்டாவது எழுத்து ஒன்று இருக்கிறது, மழை மேகப் படம் போட்டு. பழைய சீட்டுக் காலத்திலேயே சொன்னது: 80 கிமீ வேகத்தில் ஈரச் சாலையில் முழு பிரேக் பிடித்தால் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும். பிரியஸ் நீளத்தில் நாலு கார்.

இங்கே ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் மழை. பனி இல்லை, குளிர் இல்லை, மலைப்பாதை இல்லை. டயரைச் சோதிக்கிற ஒரே விஷயம் மழைதான். அதில் டி வாங்கி 75 வெள்ளி மிச்சம் பிடிக்கவா?

---

பொங்கோல்வாசி · திங்கள் இரவு 8:50

அக்கா, படிக்கும்போதே கால் பிரேக்கைத் தேடியது. அப்போ காக்கி புக்கிட் அங்கிள் சொன்னது சரியா, ஈக்கோ என்றால் வழுக்குமா?

---

கணக்குப்பிள்ளை · திங்கள் இரவு 9:35

முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் அங்கிள் சொன்னது முழு உண்மை. கரித்தூள் மட்டும் கலந்த ரப்பரில் உருள்தடையைக் குறைத்தால் பிடிப்பும் சேர்ந்து குறையும். 1992ல் மிஷலின் கரித்தூளுக்குப் பதில் சிலிக்கா கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு கதை மாறிவிட்டது.

ஏன் என்றால், உருளும்போது ரப்பர் அமுங்குவது மெதுவான வேலை. 80 கிமீ வேகத்தில் உங்கள் சக்கரம் நொடிக்குப் பதினோரு முறை சுற்றும், அவ்வளவுதான். பிடிப்பு வேறு. சாலையின் பொடிக்கற்கள் மேல் ரப்பர் வழுக்கும்போது அது நொடிக்குப் பல்லாயிரம் தடவை, இன்னும் கூடவும், அதிரும். மெதுவான அசைவில் சக்தியை விடாமல், வேகமான அதிர்வில் விடுகிற ரப்பர் கிடைத்தால் இரண்டும் கைக்கு வரும். சிலிக்கா கலவை அந்தப் பக்கம் போகிறது. அதனால்தான் இன்று எரிபொருளுக்கும் ஈரத்துக்கும் ஒருசேர ஏ வாங்கிய டயர்கள் இருக்கின்றன. சும்மா வராது, விலையில் ஏறும், சில வேளை சீக்கிரம் தேயும்.

மலிவான "ஈக்கோ" டயரில் பக்கச்சுவரில் பச்சை இலை படம் மட்டும் இருக்கும். அங்கிள் பார்த்தது அதுவாக இருக்கலாம்.

---

பழைய_டயர்க்காரர் · செவ்வாய் காலை 6:20

சின் மிங் பக்கம் பதினெட்டு ஆண்டு டயர் கழற்றி மாட்டியவன். இப்போது இடுப்பு விடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, முதல் விஷயம். டயர் பெயரை வைத்து எழுத்தைச் சொல்ல முடியாது. ஒரே பெயர், 15 அங்குலத்தில் ஓர் எழுத்து, 17 அங்குலத்தில் வேறு எழுத்து இருக்கும். உன் அளவுக்கு என்ன என்று கேள். ஜப்பானில் செய்ததாக இருந்தால் அவர்கள் சீட்டு வேறு, 2010 முதல் போடுகிறார்கள். உருள்தடைக்குப் பெரிய எழுத்தில் ஏஏஏ முதல் சி வரை, ஈரத்துக்குச் சின்ன எழுத்தில் ஏ முதல் டி வரை. அவர்கள் ஏஏஏ என்பதும் ஐரோப்பியர் ஏ என்பதும் ஒரே கோடுதான், 6.5. நம்மிடம் வருகிற நிறைய டயரில் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்காது. கடைக்காரரைக் கணினியில் எடுத்துக் காட்டச் சொல். முகம் சுளித்தால் வெளியே வந்துவிடு.

உன் அளவில் தவ்கேகள் (கடை முதலாளிகள்) எடுத்து வைப்பது வழக்கமாக மிஷலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ், பிரிட்ஜ்ஸ்டோன் ஈக்கோப்பியா, காண்டினென்டல் ஈக்கோகாண்டாக்ட், யோகோஹாமா புளூஎர்த், டன்லப் எனசேவ், டோயோ நானோஎனர்ஜி, ஹான்குக் கினர்ஜி ஈக்கோ. எல்லாமே மாட்டியிருக்கிறேன். பெரிய பெயர்களில் எதுவும் உன்னைக் கவிழ்க்காது. எழுத்தும் விலையும்தான் பேச வேண்டும்.

இரண்டாவது, பிறந்த தேதி. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண். 2319 என்றால் 2019ல் 23வது வாரம். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிறார்களே, அதில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். எல்லா நேரமும் பழைய சரக்கு என்று சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டுச் சந்தோஷப்படு.

மூன்றாவது, எடை எண். உன் காருக்கு 91 என்று இருக்கும், ஒரு டயர் 615 கிலோ தாங்கும். அதற்குக் கீழே எவன் கொடுத்தாலும் வாங்காதே.

ஹைபிரிட்காரர்கள் மறக்கிற ஒன்று: கடையில் காரை "ரெடி" நிலையில் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகாதே. சத்தம் இல்லை என்றதும் பையன் அணைந்துவிட்டது என்று ஜாக்கியில் ஏற்றுவான். நடுவில் எஞ்சின் தானாக முழிக்கும். எனக்கு ஒரு முறை நடந்தது, ரிம்மைப் போட்டுவிட்டு ஓடினேன். அணைத்துவிட்டுச் சாவியையும் கையோடு எடுத்துப் போ.

இன்னொன்று. முன்னால் மட்டும் தேய்ந்திருக்கிறது, இரண்டு மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். மாற்றலாம், ஆனால் புதுசு பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. சொன்னால் யாரும் நம்புவதில்லை. முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் திரும்பவும் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றும், அதை நீயும் நானும் பிடிக்க முடியாது. உனக்கு நாலும் போகிற நிலைதான், நாலும் மாற்று. அப்புறம் பத்தாயிரம் கிமீக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போடு.

---

ஜோகூர்_ஜாம்பவான் · செவ்வாய் காலை 10:05

இவ்வளவு பேசுகிறீர்கள், யாரும் ஜேபியை (ஜோகூர் பாரு) சொல்லவில்லையே! அதே டயர், அங்கே ரிங்கிட்டில். காலையில் கடற்பாலம் தாண்டினால் டயர், அலைன்மென்ட், தோசை எல்லாம் முடித்து மாலைக்குள் வீடு.

---

மழைக்காரி · செவ்வாய் காலை 10:30

மாலைக்குள் வீடா? எந்த ஆண்டு மாலை?

---

கணக்குப்பிள்ளை · செவ்வாய் மதியம் 12:50

விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே ஜிஎஸ்டி உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறைவாகப் போய்வந்தால் சலுகை 100 வெள்ளி வரைதான், அதற்கு மேலே உள்ளதற்கு 9 விழுக்காடு. மாட்டிக்கொண்டு வந்தால் டயர் காரின் அங்கமாகிவிடாது. இதோடு எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதிக்காக இங்கே எண்ணெய் நிரப்பிப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மூன்று மாதம் கழித்து ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங்குக்குத் திரும்ப அங்கேயே ஓட வேண்டும். ஏற்கனவே மலாக்கா போகிற திட்டம் இருந்தால் சரி. டயருக்காக மட்டும் என்றால் எனக்குக் கட்டாது.

---

ஜோகூர்_ஜாம்பவான் · செவ்வாய் மதியம் 1:14

நான் பதினைந்து ஆண்டாக அங்கேதான். உங்கள் கணக்கில் தோசையைச் சேர்க்கவில்லை.

---

மூன்றாம்_பாதை · செவ்வாய் மாலை 6:45

டயரே மாற்றாமல் மிச்சம் பிடிக்க வழி சொல்கிறேன். டயரில் காற்றழுத்தம் 44 பிஎஸ்ஐ வரும்வரை அடியுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். நைட்ரஜன் போட்டால் இன்னும் நல்லது.

---

பழைய_டயர்க்காரர் · செவ்வாய் இரவு 7:30

உன் டயரைக் கொண்டு வா, நடுவில் போத்தாக் (மொட்டை), இரண்டு ஓரத்திலும் புதுசு. பார்க்காமலே சொல்கிறேன்.

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் இருக்கிற அளவுதான் அளவு. அதற்கு மேலே ஒன்று இரண்டு வைத்துக்கொள், குறைய விடாதே. 44 எல்லாம் அடித்தால் தரையில் பதிகிற இடம் சுருங்கும். மழைக்காரி தங்கச்சி சொன்ன மழையில் உனக்குத் தெரியும்.

நைட்ரஜன்: சும்மா காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்.

---

கணக்குப்பிள்ளை · செவ்வாய் இரவு 9:10

ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் பெட்ரோல் செலவு சுமார் 0.2 விழுக்காடு கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கும் கணக்கு. கேட்க அற்பம். ஆனால் ஆறு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அளக்கிற இடம்தான் சிக்கல். பெட்ரோல் நிலையத்துக்கு ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி இரண்டு மூன்று கூடவே காட்டும். அதைப் பார்த்து நாம் காற்றை இறக்கிவிடுவோம், மறுநாள் காலை குறைவாக இருக்கும். சின்ன அளவுக்கருவி ஒன்று வாங்கி, காலையில் கார் நிறுத்துமிடத்திலேயே அளந்து பாருங்கள்.

---

பொங்கோல்வாசி · வெள்ளி இரவு 10:02

முடித்துவிட்டேன். ஐரோப்பியச் சீட்டில் எரிபொருள் பி, ஈரம் ஏ. எரிபொருள் ஏ உள்ளது ஒன்று இருந்தது, ஆனால் ஈரத்தில் பி. மழைக்காரி அக்கா சொன்ன 'ஒரு முழம்' நினைவுக்கு வந்து இதை எடுத்தேன். டயர் பெயரைச் சொன்னால் நாளை காலைக்குள் இந்த இழை சண்டையாகிவிடும் என்பதால் சொல்லவில்லை. ஒன்று 148 வெள்ளி, புது வால்வோடு. அலைன்மென்ட் தனி. பிறந்த வாரம் பார்த்தேன், நாலும் நாலு மாதத்துக்கு உள்ளே. காரை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டுதான் காப்பி குடிக்கப் போனேன் ஐயா.

---

பொங்கோல்வாசி · அடுத்த வாரம், சனி காலை 11:20

சந்தோஷம் எட்டு நாள்தான். திரையில் 24 இருந்தது 22.3 ஆகிவிட்டது! 592 வெள்ளி கொடுத்து எழுத்து பார்த்து வாங்கியது இதற்கா? இராப்பறவை அண்ணன் நிலைமைதானா எனக்கும்? கடைக்குத் திரும்பப் போகலாம் என்று இருக்கிறேன்.

---

மூன்றாம்_பாதை · சனி காலை 11:26

மீன் தலைக் கறி.

---

கணக்குப்பிள்ளை · சனி மதியம் 1:05

கடைக்குப் போகாதீர்கள், இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். தவறு என் பக்கம்.

ஒன்று, தேய்ந்த டயர் லேசாக உருளும். அமுங்கி எழும்ப ரப்பரே குறைவு. போத்தாக் ஆகப் போகிற நேரத்தில்தான் எந்த டயரும் மிகக் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும். நீங்கள் புது டயரை ஒப்பிடுவது பழைய டயரின் கடைசி மாதத்தோடு. அது நியாயம் இல்லை.

இரண்டு, உங்கள் 24 என்பதே கொஞ்சம் பொய். 195/65 ஆர்15 புதுசில் விட்டம் 634 மில்லிமீட்டர். புதுப் பள்ளம் 8 என்று வையுங்கள், நீங்கள் 2 வரை தேய்த்துவிட்டீர்கள். ஆரத்தில் 6 போனால் விட்டத்தில் 12. கிட்டத்தட்ட 2 விழுக்காடு சிறிய சக்கரம். கார் தூரத்தை எண்ணுவது சக்கரச் சுற்றை வைத்து. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், கார் அதை அதிகத் தூரம் என்று எழுதிக்கொள்ளும். 24 காட்டினால் உண்மை 23.5. புது டயர் போட்ட அன்றே, ஒரு சொட்டு பெட்ரோல் கூடச் செலவாகாமல், திரையில் அரை கிமீ விழும்.

மூன்று, முதல் சில நூறு கிமீக்குப் புது ரப்பர் கெட்டியாகத்தான் இருக்கும். காற்று எவ்வளவு அடித்தார்கள் என்றும் பாருங்கள்.

திரையை விடுங்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ரசீதில் உள்ள லிட்டரைக் கொண்டு வகுத்துப் பாருங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவையாவது.

---

பொங்கோல்வாசி · சனி மதியம் 1:40

காற்றைப் பார்த்தேன். நாலிலும் 30தான் இருக்கிறது, தாளில் சொன்னதைவிடக் குறைவு. வீட்டில் காசு கணக்கு எழுதுகிற பழக்கம் இருப்பதால் பழைய ரசீதெல்லாம் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. போட்டுப் பார்க்கிறேன்.

---

பொங்கோல்வாசி · ஆறு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:30

கணக்கு வந்துவிட்டது. பழைய டயரின் கடைசி நாலு டேங்க், ரசீதுப்படி சராசரி லிட்டருக்கு 23.0. திரை 24 என்று சொன்னபோது! அதில் சிறிய சக்கரத்துக்கான 2 விழுக்காட்டைக் கழித்தால் 22.6. புது டயரில் காற்றைச் சரியாக்கிய பிறகு மூன்று டேங்க், ரசீதுப்படி 22.4. வித்தியாசம் ஒரு விழுக்காடு கூட இல்லை, அதுவும் முழுப் பள்ளத்தோடு. தேயத் தேய இன்னும் ஏறும் என்றால் எனக்குப் போதும்.

சத்தம் பழையதைவிடக் குறைவு. சிலேத்தார் விரைவுச்சாலையில் முதல் தடவையாக ஒலி 96.8ஐ ஒலியளவைக் கூட்டாமல் கேட்டேன்.

---

இராப்பறவை · திங்கள் அதிகாலை 3:10

நானும் மாற்றிவிட்டேன், எரிபொருள் ஏ, ஈரம் பி. 60,000 கிமீ ஓட்டுகிறவனுக்கு அந்த எழுத்து வேண்டும். அக்கா கோபிக்க வேண்டாம், மழையில் நான் 70க்கு மேல் போவதில்லை. பள்ளம் 3 மில்லிமீட்டர் வந்ததும் கழற்றிவிடுவேன், 1.6 வரை இழுக்க மாட்டேன். வீட்டில் 616 வெள்ளியையும் சொல்லிவிட்டேன்.

---

மழைக்காரி · திங்கள் காலை 8:15

கோபம் இல்லை. 3ல் கழற்றினால் பி எனக்குச் சம்மதம். வீட்டில் என்ன சொன்னார்கள்?

---

இராப்பறவை · செவ்வாய் அதிகாலை 1:55

இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

---

பொங்கோல்வாசி · செவ்வாய் காலை 7:40

இன்று காலை தெம்பினிஸ் விரைவுச்சாலையில் நல்ல மழை. டயர் சொன்ன இடத்தில் நின்றது. கண்ணாடிதான் தெரியவில்லை, வைப்பர் ரப்பர் கிழிந்து கோடு கோடாக இழுக்கிறது. அதற்குத் தனி இழை திறக்கட்டுமா?

---

பழைய_டயர்க்காரர் · செவ்வாய் காலை 7:52

திற. ரப்பரை மட்டும் மாற்று, கையை மாற்றாதே. கடையில் கையோடுதான் விற்பார்கள்.